நடுவில் நிற்கும் பிள்ளை



ஆண்டு விழா மலரில் ஆசிரியர் எழுதுவதென்றால், வாழ்த்துக் கூறி நிறுத்திக்கொள்வது வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, நெடுநாளாக என் நெஞ்சிற் கிடக்கும் கருத்தொன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். பெற்றோரும் ஆசிரியரும் நேரே சந்தித்துப் பேசுவது பற்றியது அது. எளிய விடயந்தான். ஆயினும் அதைச் செய்யத் தவறும்போது அதன் சுமை யார் தோளில் ஏறுகிறது என்பதை நான் இருமுறை கண்டிருக்கிறேன். ஒருமுறை ஆசிரியனாக, மறுமுறை தந்தையாக.

2007ஆம் ஆண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமப் பாடசாலை ஒன்றில் தமிழும் வரலாறும் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் பிந்தியே வருவான். வந்தாலும் இரண்டாம் பாடவேளைக்குள் தூங்கி விழுவான். சோம்பேறி என்று முடிவு கட்டினேன். ஒரு மாதத்துக்கு மேலாக அவனை வகுப்பு வாசலில் நிறுத்தி வைத்தேன். அவன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை.

ஒருநாள் சந்தையில் அவன் தாயாரைக் கண்டு, மகனைப் பற்றிக் குறை கூறினேன். அவர் தலை குனிந்தபடி, "தகப்பன் இல்லை, சேர். விடிய நாலு மணிக்கு எழும்பிப் பால் கறந்து, சைக்கிளில கொண்டுபோய்க் குடுத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் வாறவன்" என்றார். "ஏனம்மா முதலே வந்து சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் கூப்பிடேல்லையே, சேர்" என்றார். அதற்கு மறுமொழி கூற என்னிடம் சொல் இருக்கவில்லை.

பெற்றோர் பாடசாலைக்கு வராத ஊரல்ல எங்கள் ஊர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் திரண்டு வருவார்கள். கூரை வேயவும், கிணறு இறைக்கவும், பரிசளிப்பு விழாவுக்குப் பந்தலிடவும் முன்னிற்பார்கள். தமிழகத்திலும் அவ்வாறே. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பணமும் பொருளும் மனமுவந்து வழங்கினார்கள். பள்ளிக்கு அள்ளிக் கொடுப்பதில் தமிழர் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர்.

ஆனால், பள்ளிக்காகக் கூடிய நாம், தனியொரு பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடியது மிகக் குறைவு. "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றெல்லா இடத்திலும் அடியுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைப்பதே நம் மரபாக இருந்தது. அதை மரியாதை என்றோம். உண்மையில் அது மௌனம். அந்த மௌனத்தின் நடுவே, வகுப்பு வாசலில், ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

2009ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின் ஏதிலியாகி, பல நாடுகள் கடந்து, நியூ செர்சி வந்து சேர்ந்தேன். இந்நாட்டில் பெற்றோரும் ஆசிரியரும் கூடும் வழக்கம் வேரூன்றியது. 1897ஆம் ஆண்டு ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹர்ஸ்ட் என்னும் இரு பெண்மணிகளின் முயற்சியால் வாசிங்டன் நகரில் அன்னையர் பேரவை கூடியது. 2,000 பேருக்கு மேல் வந்தார்கள். பி.டி.ஏ. என இன்று நாம் அறியும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே. சங்கக் கூட்டங்கள் ஒருபுறமிருக்க, ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரைத் தனித்துச் சந்திக்கப் பத்து, பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கும் ஏற்பாடும் இங்கே உண்டு.

2013ஆம் ஆண்டு அத்தகைய சந்திப்பு ஒன்றுக்குச் சென்றேன். மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. சிறுவர் நாற்காலியில் முழங்கால் இடிக்க அமர்ந்தேன். நான் புத்தகத்தில் கற்ற ஆங்கிலம் அந்த ஆசிரியையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. மகனே மொழிபெயர்த்தான். அவர் முகத்தில் கவலையோடு நெடுநேரம் பேசினார். மகன் என்னைப் பார்த்து, "நான் நல்லாப் படிக்கிறனாம், அப்பா" என்றான். மகிழ்ச்சியோடு நன்றி கூறித் திரும்பினேன்.

சில வாரங்களின் பின், மதிப்பெண் அறிக்கையில் அவ்வாசிரியை எழுதியிருந்த குறிப்பை அகராதியின் துணையோடு வாசித்தேன். நண்பகல் உணவு வேளையில் அவன் யாரோடும் சேராமல் தனியே இருக்கிறான், வீட்டில் ஏதேனும் துயரமா என்று கேட்டிருந்தார். அன்று கவலையோடு கேட்டதும் அதுவே என அப்போதுதான் விளங்கியது. மகன் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. ஊரை இழந்து வந்த தந்தைக்கு இன்னொரு கவலை வேண்டாமென எண்ணியிருக்கிறான். எட்டு வயதுப் பிள்ளை தகப்பனைக் காத்து நின்றான்! பிள்ளையைக் காக்க வேண்டிய பெரியவர்கள் இருவர், அவன் இருபுறமும் ஒன்றும் செய்ய இயலாமல் அமர்ந்திருந்தோம்.

இதை இந்நாட்டு அரசும் உணராமல் இல்லை. ஆங்கிலம் போதாத பெற்றோரோடு பேசும் பள்ளிகள், மாணவரையோ உடன்பிறந்தாரையோ மொழிபெயர்ப்பாளராக நம்பியிருத்தல் ஆகாது என, 2015ஆம் ஆண்டு நீதித்துறையும் கல்வித்துறையும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுரை கூறியது. அறிக்கைகள் வரும், போகும். அதிலுள்ள உண்மை நிலையானது.

இனி நம் தமிழ்ப்பள்ளிக்கு வருவோம். இங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆசிரியரும் பெற்றோரும் ஒரே மொழியினர். இருந்தும் நாம் பேசிக்கொள்வது வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு நிமிடம். "வீட்டில் தமிழே பேசமாட்டேன் என்கிறான் சார், நீங்கள்தான் பேச வைக்க வேண்டும்" என்பார் பெற்றோர். "வீட்டில் பேசினால்தானே இங்கே பேசுவான்?" என்பார் ஆசிரியர். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டி விடைபெறுவோம். நடுவில் அப்பிள்ளை, தன்னைக் குறித்தே நடக்கும் வழக்கைக் கேட்டுக்கொண்டு, புத்தகப்பையோடு நிற்பான்.

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். எம்மிடம் பிள்ளை இருப்பது இரண்டு மணி நேரம். மீதி 166 மணி நேரத்தில் அவன் என்ன பேசுகிறான், எதற்குச் சிரிக்கிறான், பாட்டியோடு தொலைபேசியில் எந்த மொழியில் உரையாடுகிறான் என்பது உங்களுக்கே தெரியும். வகுப்பில் எந்தச் சொல்லில் இடறுகிறான், எந்தக் கதைக்குக் கண் விரிகிறது என்பது எமக்கே தெரியும். இருவரிடமும் பாதிப் பாதியே இருக்கிறது.

பெற்றோர் சிலர் எம்மை நெருங்கத் தயங்குவதன் காரணத்தையும் நான் அறிவேன். டில்லியிலும் மும்பையிலும் வளர்ந்து தமிழ் எழுத்தறியாதவர்கள் உள்ளனர். வீட்டுப்பாடத்தில் உதவ இயலவில்லையே என அவர்கள் கூசுகிறார்கள். அன்பர்களே, மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் முன் நாவெழாமல் அமர்ந்திருந்த பழைய பள்ளி ஆசிரியன் நான். அக்கூச்சத்தை என்னைவிட நன்கறிந்தவர் யார்? எழுத்தறியாமை குறையன்று. அதை மறைக்கப் பிள்ளையைக் கேடயமாக்குவதே குறை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நிமிடம், பெற்றோரும் ஆசிரியரும் தமிழிலேயே அமர்ந்து பேசுவோம். எந்த வட்டாரத் தமிழாயினும் சரி, கலப்புத் தமிழாயினும் சரி. மதிப்பெண்ணில் தொடங்க வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். முதலில் பெற்றோர் சொல்லட்டும், ஆசிரியர் கேட்கட்டும். பிள்ளையும் உடனிருக்கட்டும், ஆனால் தூதுவனாகவோ குற்றவாளியாகவோ அல்ல, தனக்கென ஒரு சொல் உடையவனாக. முடிவில் வீட்டில் செய்ய ஒன்று, வகுப்பில் செய்ய ஒன்று என இரண்டை மட்டும் உறுதி செய்வோம்.

தொண்டர்களாகிய எமக்கு நேரமேது என உடன் ஆசிரியர்கள் கேட்கலாம். பன்னிரண்டு மாணவர் வகுப்பொன்றுக்கு ஒவ்வொரு முறையும் 120 நிமிடம். அதாவது ஒரே ஒரு வகுப்பு நாள். அந்நாள் வீணாவதாக நான் கருதவில்லை. அந்தத் தாயை முதல் வாரமே நான் அழைத்திருந்தால், ஒரு சிறுவன் ஒரு மாதம் வாசலில் நின்றிருக்க மாட்டான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெரியவர்களுக்கிடையே செய்தி சுமப்பது உங்கள் கடமையன்று. உங்கள் துன்பத்தை மறைத்து எங்களைக் காக்கவும் வேண்டாம். அதைத் தாங்குவதற்கே நாங்கள் இருக்கிறோம்.

பெற்றோர்களே, அந்தத் தாய் கூறிய சொல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. இம்முறை நான் கூப்பிடுகிறேன். வாருங்கள், பேசுவோம்.