கத்திக்கு முந்திய காலம்

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் சஸ்திர வைத்தியர், புற்று கண்ட நுரையீரலொன்றை ஒரே அமர்வில் முழுவதுமாக அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தார். தாமும் ஒரு வைத்தியரான அந்நோயாளி, தம்மை அறுத்தவர் காலமான பின்னும் சில ஆண்டுகள் ஜீவித்திருந்தார். கிரஹாமோ, புகைப் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து 1950இல் எடுத்துக்காட்டியவராயிருந்தும், நெடுங்காலம் புகைத்ததன் பலனாக, அதே வியாதிக்கு 1957இல் இரையானார். விதியின் பரிகாசம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் அகப்படுமா என்பது சந்தேகமே.

அறுவையால் நுரையீரல் புற்றிலிருந்து பிழைக்கலாம் என்பது இவ்விதம் அன்றே தெரிந்துவிட்டது; ஆனால் நம் பக்கத்தில், ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சு சஸ்திர சிகிச்சைக்கு வித்திட்ட நாளில், நெஞ்சு வியாதி என்றாலே ஜனங்களுக்கு க்ஷயந்தான் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு இன்னும் முற்றும் அகலவில்லை என்பதே என் வருத்தம். தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் பெட்டி தூக்கும் பீடிப் பழக்கமுள்ள ஒருவர் மாதக்கணக்கில் இருமி, சளியில் ரத்தம் கண்டு, உடல் மெலிகிறார் என்று வைத்துக்கொள்வோம். சளியில் கிருமி தென்படாவிட்டாலும், எக்ஸ்ரேயில் நிழலைக் கண்ட மாத்திரத்தில் க்ஷய மாத்திரை தொடங்கப்பட்டு, அது கேட்கும் கேட்கும் என்று காத்திருந்து, கடைசியில் பெங்களூர்க் கித்வாய்ப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ அவர் போய்ச் சேரும்போது, அறுத்து அகற்றும் கட்டம் கடந்துவிட்டிருக்கும். இந்தியாவெங்கும் நெஞ்சுப் புற்று வைத்தியர்கள் அலுக்காமல் சொல்லிவரும் கதை இது.

எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சிஎச். என்று 11 ஆண்டுகளுக்கு மேல் பயின்று, விலா எலும்புகளுக்கிடையே புகுந்து, துடிக்கும் இருதயத்தருகே ரத்தக் குழாயைப் பிரித்துக் கட்டும் சாமர்த்தியம் பெற்ற நெஞ்சு சஸ்திர வைத்தியர் ஒருவர், வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் ‘இனி அறுவை உதவாது’ என்று சொல்ல நேர்வது எவ்வளவு பெரிய விரயம்! இருதயமும் நெஞ்சும் பெரும்பாலும் ஒரே பட்டத்தில் அடங்கியிருக்க, படித்தவர்களுள் அநேகர் இருதயத்தின் பக்கமே சாய்ந்துவிடுவதால் (புகழும் பொருளும் அங்கேதானே இருக்கின்றன!) மிச்சமிருக்கும் சிலருடைய காலமும் இவ்விதம் வீணாகலாமா?

ஆகையால், தர்மபுரி மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: சளியில் கிருமி காணாமல் க்ஷய மாத்திரை தொடங்கப்பட்ட, புகைப் பழக்கமுள்ள நடுவயதினருக்கு இரண்டு மாதத்தில் குணம் தெரியாவிட்டால், மாத்திரையை நீட்டிக்கொண்டே போகாமல், சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவதைக் கண்டிப்பான விதியாக்குங்கள்.