முள்ளெலி சுருண்டே கிடக்குதா? முதல்ல வயிற்றைத் தொட்டுப் பாருங்க!

பகல் முழுக்கத் தூங்குவது முள்ளெலியின் இயல்பு. ராத்திரியும் அசையலைன்னா, 'சோம்பேறி'ன்னு சிரிச்சுட்டு விடுறதுதான் தப்பு. வீடுகளில் வளர்வது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலி. அதுக்கு 24 முதல் 29 டிகிரி வெப்பம் வேணும். 20-க்குக் கீழே இறங்கினா குளிர்உறக்கத்துக்குப் போகப் பார்க்கும். பலசமயம் அதிலிருந்து எழாது. சோளிங்கரில் என்ன குளிருன்னு கேட்பீங்க. மார்கழி ராத்திரியும் ஏசி அறையும் போதுமே!

வயிறு சில்லுனு இருக்கா, நடை தள்ளாடுதா? வெந்நீரில் முக்காதீங்க. சட்டைக்குள் அணைச்சு, உடல் சூட்டில் மெதுவா சூடேத்துங்க. அப்படியே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்க.

தென்மாவட்டங்களில் தென்படும் நம்ம முள்ளெலி வேற. அது காட்டுயிர், அதைக் காக்க 2025-ல் தமிழக அரசு நிதி ஒதுக்கியது. அதைப் பிடிச்சு வந்து கூண்டில் போடாதீங்க.