போர் மட்டுமல்ல, பள்ளிக்கூடமும்

ஆசிரியருக்கு,

அகதி இளைஞர்களின் மனநலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை போரின் காயங்களையே சுற்றி வந்தது. குடியேறிய ஊரில் அவர்கள் படும் பாடு விடுபட்டுப்போனது.

மெல்போர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருவியது அதைத்தான். 11 முதல் 19 வயதுக்குள் வந்து சேர்ந்த 97 பேரின் முதல் மூன்று ஆண்டுகள் பற்றிய அவர்களது ஆய்வுக்கட்டுரை 2010இல் வெளியானது. வெறும் கேள்வித்தாளோடு நிற்கவில்லை, ஆளுக்கொரு குறிப்பேடு. பிள்ளைகள் அதில் படம் வரைந்தார்கள், புகைப்படம் ஒட்டினார்கள், எழுதினார்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு இது எவ்வளவோ மேல்!

தங்கள் குடும்பத்தை ஊர் மதிக்கிறதா என்ற எண்ணம், பாகுபாடு, பள்ளியில் நடக்கும் சீண்டல் ஆகியவை பிள்ளைகளின் நலவாழ்வோடு வலுவாகப் பிணைந்திருந்ததை ஆய்வு காட்டியது. சீண்டலை மருந்துச்சீட்டு தீர்க்காது. தலைமையாசிரியர்தான் தலையிட வேண்டும்.

அடுத்த கட்டுரைக்கு மருத்துவர்களோடு பள்ளி ஆசிரியர்களையும் பேட்டி காணுங்கள்.

- வாசகர், திருச்சி