நாட்டுப் பருத்திக்கு நோய் வராதாமே!

சென்ற மாதம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சாமைக் கொல்லையின் ஓரம் நின்றபோது, உடன் வந்த நண்பர் உணர்ச்சிவசப்பட்டார்.

"பாரும் ஐயா! சீமை விதை நுழையாத மண். பயிர் நோய்நொடியின்றி நிற்கிறது. பருத்தியிலும் நாட்டு இனத்தோடு நின்றிருந்தால் வாடல் நோயே வந்திராது."

கொல்லைக்காரப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு கதிரை ஒடித்து விரலால் நசுக்கிக் காட்டினார். தானியம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பொடி. கரிப்பூட்டை! அதுவும் பூஞ்சண நோய்தான்.

நண்பரைச் சொல்லிப் பயனில்லை. நானே ஒரு கதையில் இப்படித்தான் எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்கு இது பிராயச்சித்தம்.

வாடல் என்று நாம் ஒரே பெயரால் சொல்லுவதில் முக்கியமானவை இரண்டு. இரண்டும் மண்ணில் வாழும் பூஞ்சணங்களால் வருபவை. வேர் வழியே ஏறித் தண்டின் நீர்க்குழாய்களை அடைப்பவை. ஃபுசேரியம் என்பது நம் நாட்டில் நாட்டுப் பருத்தியைத்தான் சாய்க்கிறது; அமெரிக்க இனம் அதற்குப் பெரும்பாலும் மசிவதில்லை. வெர்ட்டிசிலியம் நேர்மாறு. அது குளிர்ந்த பருவத்தில் அமெரிக்க இனத்தை வாட்டும். நாட்டு இனம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பூஞ்சணத்துக்குத் தேசபக்தி கிடையாது, ஐயா!

அப்படியானால் தாங்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? 1968-ல் கோயமுத்தூரில் வெளிவந்த எம்.சி.யூ.5 நீண்ட இழைக்குப் பேர்போன அமெரிக்க இன ரகம். வெர்ட்டிசிலியத்துக்கு அது தலை சாய்த்தது. அதிலிருந்தே நோய் தாங்கும் செடிகளைப் பொறுக்கி எம்.சி.யூ.5 வி.டி. என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். நாட்டு இனத்திலும் கர்நாடகத்து ஜெயதர் ஃபுசேரியத்தைத் தாங்குகிறது. வாடிய வயலில் வாடாமல் நின்ற செடியைத் தேடி எடுத்த கைகளின் உழைப்பு இது. பிறந்த ஊரின் பெருமை மட்டுமல்ல.

எதிர்க் கட்சிக்காரர்களும் துள்ள வேண்டாம். 2002-ல் வந்த பி.டி. பருத்தியின் புது மரபணு காய்ப்புழுவுக்கானது, பூஞ்சணத்துக்கல்ல.

நம் வாய்ப்பேச்சால் நமக்கு நஷ்டமில்லை. அதை நம்பி, ஃபுசேரியம் ஊறிய நிலத்தில் தாங்காத நாட்டு விதையைத் தூவுகிறவனுக்கு என்ன கதி? செடி சாயும், வாங்கிய கடன் சாயாது. பூஞ்சணமோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

விதைக்குக் குலம் கோத்திரம் விசாரிக்காதீர்கள். இந்த மண்ணில் எந்த நோய் இருக்கிறது, இந்த ரகம் அதைத் தாங்குமா என்று விசாரியுங்கள். அந்தப் பெரியவரைப்போல, பேசுமுன் கதிரை ஒரு முறை நசுக்கிப் பாருங்கள்.