சான்றிதழில் யார் பெயர்?



மூன்று நாள் முகாமில் 'நான்' கரைந்துவிட்டதாம். குடும்பக் குழுவில் சான்றிதழ் வந்திருக்கிறது, பெயர் தங்க எழுத்தில்! வாழ்த்துகிறவர்கள் வாழ்த்துங்கள். நான் மாட்டேன்.

1896-ல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிய 16 வயது வேங்கடராமனும் (பின்னாளில் ரமணர்) ஒரு சீட்டு எழுதிவைத்தார். 'நான்' என்று தொடங்குகிறது. போகப்போகத் தன்னையே 'இது' என்கிறார். முடிவில் கையெழுத்தே இல்லை. அண்ணனின் படிப்புக் கட்டணம் 5 ரூபாயில் ரயிலுக்கென்று 3 எடுத்து, மீதி 2-ஐச் சீட்டோடு வைத்தார். கணக்கிலும் சுத்தம்! திருவண்ணாமலை சேர்ந்ததும் கையில் மிஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தார். இவர்களோ முன்பணம் கேட்கிறார்கள்.

மாப்பிள்ளை, உன்மேல் கோபமில்லை. நீ மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லையென்று உன் அம்மா என்னிடம் அழுதாள். முதலில் அவளைக் கூப்பிடு.