படித்த நூலும் படியாத நூலும்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை அடுத்து, நூம்பல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் பெயரும் ‘நூல்’ என்னும் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. இவ்வொற்றுமையைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு விளையாட்டு நினைவிற்கு வரும். பந்தும் மட்டையும் வேண்டாத விளையாட்டு அது. மழை பெய்யும் மாலையில் வீட்டிலிருந்தும் ஆடலாம். பேருந்தில் செல்லும்போதும் ஆடலாம். ஒருவர் ஓர் எழுத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர், அவ்வெழுத்தை முதலாகக் கொண்ட நூல் ஒன்றின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்நூல் அவர் முழுதும் படித்ததாக இருத்தல் வேண்டும். இவ்வளவே விளையாட்டு.

ஆடத் தொடங்குவது எளிது. அகரத்திற்குக் கல்கியின் ‘அலை ஓசை’ உண்டு. ஆகாரத்திற்கு ‘ஆத்திசூடி’ உண்டு. இகரத்திற்கு ‘இனியவை நாற்பது’ உண்டு. ஈகாரம் வந்தவுடன் சற்றே தயங்குவோம். ஏகாரத்தில் ‘ஏலாதி’ கைகொடுக்கும். ஔகாரத்திலோ, ஔவையாரின் பெயரைத் தாங்கிய நூலையன்றி வேறொன்றைக் காண்பது அரிது.

உயிர் பன்னிரண்டும் முடிந்தபின் மெய்யெழுத்துகள் வரும். அங்கே இலக்கணம் நமக்குத் துணை செய்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வாரா. ஆகையால் இராம காதையை ரகரத்தில் தேடாமல் ‘இராமாயணம்’ என்று இகரத்தில் வைக்கிறோம். ஞகரத்திற்குப் பாரதியாரின் ‘ஞானரதம்’ உண்டு. யகரத்திற்கு ‘யாப்பருங்கலக் காரிகை’ உண்டு. மொழிமுதல் எழுத்துகளைப் பற்றி வகுப்பில் படித்த நூற்பா, இவ்வாறு ஆடும்போது மனத்தில் தானே பதிந்துவிடுகிறது.

ஒரு நூலுக்குப் பல பெயர் இருப்பதும் சுவை தருவதே. நூம்பலுக்குத் தொலைவில் இல்லாத குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அவர் தம் நூலுக்கு இட்ட பெயர் ‘திருத்தொண்டர் புராணம்’. உலகம் வழங்கும் பெயர் ‘பெரியபுராணம்’. அதனைத் தகரத்தில் வைப்பதா, பகரத்தில் வைப்பதா? திருக்குறளை ‘முப்பால்’ என்று மகரத்திலும் வைக்கலாம் அன்றோ? ஆயினும், ஒரு நூலை ஒரு முறையே சொல்லலாம் என்பது விதியாக இருக்கட்டும்.

அகரவரிசைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது பெரியது சிறியது பாராது. குழந்தை படிக்கும் ஆத்திசூடியும் புலவர் படிக்கும் ஐங்குறுநூறும் அதில் ஒரே வரிசையில் நிற்கும். பொருள்வகையாகச் செய்யுளில் சொற்களைத் தொகுத்த நிகண்டுகள் முன்னாளில் மிகுதி. 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தார். வேண்டிய சொல்லை எவரும் தேடி எடுக்க அவ்வரிசை வழி செய்தது. எந்த இடத்தில் எது உள்ளது, எங்கே ஒன்றும் இல்லை என்பதை உடனே காட்டுவதே அகரவரிசையின் பயன்.

“நூற்பெயர்களை அடுக்குவதனால் அறிவு வளருமோ?” என்று சிலர் வினவலாம். அவ்வினா நேர்மையானதே. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, அவற்றுள் ஒன்றையேனும் திறந்து பாராதவர் பலர். அத்தகையோர் இவ்விளையாட்டில் எளிதில் வென்றுவிடக்கூடும். அந்த வெற்றி வெறும் வெற்றியே. பெயரை அறிவது வேறு. நூலை அறிவது வேறு. ஆதலின், படித்த நூலைச் சொன்னபின், அதில் தம் மனத்தைத் தொட்டது எது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். படிக்கவில்லையெனில், “படிக்கவில்லை” என்று கூசாமல் சொல்ல வேண்டும். இவ்விளையாட்டின் உயிர் அச்சொல்லிலேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதற்குச் சான்றாகத் தமிழ் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். ஐயருக்கு அப்போது வயது 25, கல்லூரியில் தமிழாசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று ஐயர் நீண்டதொரு வரிசையைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர், தாம் படிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். நூல் கிடைக்கவில்லை என்றும் கூறினார்.

அவ்வளவு படித்தவருக்கு அது நாணத்தக்க நேரமாகத் தோன்றியிருக்கலாம். படித்ததாகச் சொல்லி மறைத்திருந்தால் அன்றைய பொழுது இனிதே கழிந்திருக்கும். ஆனால் தமிழுக்கு எத்துணை இழப்பு நேர்ந்திருக்கும்! முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைத் தந்தார். ஐயர் படித்தார்; விளங்காத சமணக் கருத்துகளைச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார். 1887-இல் உரையுடன் அந்நூலைப் பதிப்பித்தார். 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. படித்த நூல்களின் நீண்ட வரிசை அவரை அவ்வழியில் செலுத்தவில்லை. படியாத நூல்களே செலுத்தின.

ஐயர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். நமக்கு அத்துன்பம் இல்லை. எஸ்.ஆர். அரங்கநாதன் போன்றோரின் உழைப்பால், 1948-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இன்று நூலகத்திற்குச் சிறிது தொலைவு நடந்தாலே போதும்.

மாணவர்களே! இன்று மாலை ஒரு தாளில் எழுத்துகளை வரிசையாக எழுதுங்கள். படித்த நூல்களை அவற்றின் எதிரே குறியுங்கள். படியாத எழுத்தின் எதிரே வெற்றிடம் விடுங்கள். பொய்யால் அதை நிரப்பாதீர்கள். தச்சன் நூலிட்டுப் பார்ப்பது மரத்தின் நேர்மையைப் புகழ்வதற்கன்று. கோணலைக் கண்டு செதுக்குவதற்கே. அதுபோல, அத்தாளில் உள்ள வெற்றிடங்களே நீங்கள் அடுத்துத் திறக்க வேண்டிய நூல்களைக் காட்டும். அத்தாளைக் கையில் ஏந்தி நூலகத்திற்குச் செல்லுங்கள்.