பட்டியலில் வராத பெயர்



நமது பங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு காலைத் திருப்பலியில் நன்மை வழங்கி முடிந்தபின், இறுதி ஆசீருக்கு முன்பாக, அந்த வாரத்து அறிவிப்புகளை வாசிப்போம். திருமண அறிக்கைகள், நவநாள் நேரம், அன்பியக் கூட்டங்கள், கல்லறைத் தோட்டத்துத் துப்புரவுப் பணி ஆகியவற்றைச் சொல்லி முடித்ததும், கன்னியர் நடத்தும் நமது பெண்கள் நடுநிலைப்பள்ளியின் வாரச் செய்தி வரும். தலைமையாசிரியையான அருட்சகோதரி சனிக்கிழமை மாலையே அதை ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுவார். கட்டுரைப் போட்டியில் முதலிடம் பெற்றவள், ஓவியத்தில் பரிசு வாங்கியவள், கோ-கோ ஆட்டத்தில் வென்ற அணியின் தலைவி என்று பெயர்களை நாம் வாசிக்க வாசிக்க, கோவில் முழுவதும் கைதட்டும். பெயர் பெற்ற சிறுமி நாணத்தோடு எழுந்து நிற்பாள். அவளைப் பெற்றவர்களின் முகத்தில் அன்று தோன்றும் ஒளியைக் காண்பதற்காகவே இவ்வழக்கத்தை விரும்பி நடத்தி வந்தோம்.

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து கோவில் முற்றத்துக்கு வந்தபோது, ஒரு தாய் நமக்காகக் காத்து நின்றார். பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்மணி. தோத்திரம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

“சாமி, எம் பிள்ளையும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் எட்டு வருசமாப் படிக்கா. ஒரு ஞாயித்துக்கிழமையாவது அவ பேர வாசிப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருப்பேன். வந்ததே இல்ல. பேரு வராத பிள்ளைய மேல படிக்க வச்சு என்ன ஆகப்போகுதுன்னு அவ அப்பா கேக்காவ. எட்டோட நிறுத்திப் பீடி சுத்த உக்கார வச்சிரலாம்னு இருக்கோம்.”

அவர் நம்மைக் குறை கூற வரவில்லை. எடுத்த முடிவைப் பங்குக் குருவிடம் சொல்லிவிட்டுப் போகவே வந்தார். ஆயினும் அச்சொற்கள் நம்மைச் சுட்டன. பிள்ளைகளை ஊக்குவிக்கிறோம் என்று எண்ணி நாம் வாசித்த பட்டியல், ஒரு வீட்டில் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதற்குச் சான்றாகிவிட்டது. பத்துப் பேரை வாழ்த்தியபோது, மற்றப் பிள்ளைகளிடம் 'உங்களுக்கு இங்கே வேலை இல்லை' என்று சொல்லாமற் சொல்லி வந்தோமோ? “பொறுங்கள் அம்மா, இன்னும் காலம் இருக்கிறது” என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பினோம். மறுநாள் தொடங்கி ஐந்து நாட்களும் பள்ளிக்குச் சென்றோம். ஆய்வு செய்ய அன்று. பட்டியலில் வராதது எது என்று பார்க்கச் சென்றோம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளித் தாழ்வாரத்தில் சிறு பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருந்தனர். அரசின் காலை உணவுத் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டுப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கே அது உண்டு. அந்தத் தாயின் மகள் இரண்டாம் வகுப்புத் தங்கையைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து அமர்த்திவிட்டு, தண்ணீர்க் குவளைகளை நிரப்பி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் எட்டாம் வகுப்பு. அந்த உணவு அவளுக்கு இல்லை. தங்கை உண்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பின்னர் தமிழ்த்தாய் வாழ்த்து, இறைவேண்டல், ஒரு குறளும் அதன் பொருளும், நாளிதழ்ச் செய்தி என்று காலைக் கூட்டம் நடந்தது. வகுப்புகள் தொடங்கியதும் தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டை நம்முன் விரித்தார். வாரத்தின் மற்ற நாட்களைவிடத் திங்களன்று வராதவர்களே மிகுதி. ஞாயிற்றுக்கிழமைத் திருமணம், உறவினர் வீட்டுச் சடங்கு, ஊர்த் திருவிழா ஆகியவற்றின் களைப்பு ஒரு காரணம். தாய் பீடியை ஒப்படைக்கக் கடைக்குச் செல்லும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. “ஆண்பிள்ளைகளை இதற்காக யாரும் வீட்டில் நிறுத்துவதில்லை, சாமி” என்றார் அவர். நம்மால் மறுமொழி கூற இயலவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளி விட்டபின், எட்டாம் வகுப்பினருக்குச் சிறப்பு வகுப்பு நடந்தது. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்கான பயிற்சி அது. நம் குடும்பங்களில் பலர் இத்தேர்வை அறியாதிருப்பதால் சிறிது விளக்குகிறோம். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பில் பயிலும் ஏழைப் பிள்ளைகளுக்காக 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது இது. மனத்திறனுக்குத் 90 வினாக்கள், பாடங்களுக்கு 90 வினாக்கள். தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். நமது மாநிலத்துக்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. எழுதுவோர் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிதே. எனினும் எழுதாத பிள்ளைக்கு அந்தச் சிறு வாய்ப்பும் இல்லை.

புதன்கிழமை நூலக நேரம். எட்டாம் வகுப்புப் பெண்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்க உதவுவது அப்பள்ளியின் முறை. நாம் தேடிச் சென்ற சிறுமியின் முன்னால் ஐந்து பிள்ளைகள் தரையில் அமர்ந்திருந்தனர். அவள் பாவாடை மடியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் 'ழ' என்று எழுத்து வடிவில் அடுக்கினாள். ஒவ்வொரு பிள்ளையும் விரலால் அதைத் தடவிச் சொல்ல வேண்டும். பின்பு அதைக் கலைத்து 'ள' ஆக்குவாள், அடுத்து 'ல'. பிள்ளை தவறிச் சொன்னால் சிரிப்பதில்லை, அதட்டுவதும் இல்லை. கொட்டைகளை மறுபடி அடுக்குவாள். வகுப்பாசிரியை நம் காதருகே சொன்னார்: “ஜூன் மாதத்தில் இந்த ஐந்து பேருக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது, சாமி. இப்போது மூன்று பேர் தாமாகவே வாசிக்கிறார்கள். எங்களால் ஆகாததை இவள் செய்திருக்கிறாள்.”

இது எந்தப் போட்டியிலும் அடங்காது. எனவே எந்தச் சனிக்கிழமைத் தாளிலும் இடம்பெறவில்லை.

வியாழக்கிழமை மாலை கோ-கோ பயிற்சியைக் கண்டோம். அந்த ஆட்டத்தில் விரட்டும் அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாக, ஒருவர் ஒரு பக்கமும் அடுத்தவர் மறுபக்கமும் நோக்கி அமர்ந்திருப்பர், ஒன்பதாமவள் ஓடுவாள். அவள் ஒருத்தியின் முதுகைத் தொட்டுக் 'கோ' என்று சொன்ன கணமே அந்தப் பிள்ளை எழுந்து ஓட வேண்டும். எதிரியைத் தொட்டவளுக்கே கைதட்டல். ஆனால் அமர்ந்திருக்கும் எட்டுப் பேரில் ஒருத்தி கவனம் சிதறினாலும் ஆட்டம் போயிற்று. அந்த எட்டுப் பேரை நாம் ஒரு ஞாயிறும் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும், இந்து, இசுலாமியப் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் பாடமும் நடந்தன. நம்மை மறைக்கல்வி வகுப்பெடுக்கச் சொன்னார்கள். லூக்கா நற்செய்தியில் வரும் காணாமற்போன காசின் உவமையைச் சொன்னோம். பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த பெண் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறாள். “அவள் ஏன் விளக்கேற்றினாள்?” என்று கேட்டோம். “இருட்டா இருந்துச்சு, சாமி” என்றாள் ஒரு சிறுமி. ஆம், காசு தன் மதிப்பை இழந்துவிடவில்லை. வீட்டில்தான் வெளிச்சம் போதவில்லை. ஒளியில் கிடந்த ஒன்பதை நாம் வாரந்தோறும் எண்ணிக்கொண்டிருந்தோமேயன்றி, விளக்கை ஏற்றவில்லை.

நமது முன்னோர் ஏற்றிய விளக்கு ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். புதுச்சேரியில் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், துப்புயி அடிகள் தமிழ்ப் பெண்களைக் கொண்டு மரியாயின் மாசற்ற இருதய கன்னியர் சபையைத் தொடங்கினார். தமிழ்–பிரெஞ்சு அகராதியை மூசே அடிகளோடு இணைந்து உருவாக்கிய அறிஞர் அவர். பெண்பிள்ளை எழுத்தறிவது தகாது என்று ஊரே நினைத்த காலத்தில், பெண்களுக்குக் கல்வி புகட்டுவதையே அச்சபையின் பணியாக வைத்தார். அந்நாளில் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. ஒரு பெண் தன் பெயரைத் தானே எழுதக் கற்றாள் என்பதே அன்றைய சாதனை. அதைச் சாதனை என்று கருதியவர்கள் இருந்ததால்தான் இன்று நமது பள்ளிகள் நிற்கின்றன.

அடுத்த ஞாயிறு பட்டியலில் வழக்கமான பெயர்களை முதலில் வாசித்தோம். வென்றவர்களை வாழ்த்துவது தவறன்று; அதை நிறுத்தவும் இல்லை. அதன்பின், எழுத்துக் கூட்ட அறியாதிருந்த மூன்று பிள்ளைகள் இப்போது வாசிக்கிறார்கள் என்பதையும், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த எட்டாம் வகுப்புச் சிறுமியின் பெயரையும் வாசித்தோம். உண்மையைச் சொன்னால், கோ-கோ வெற்றிக்கு எழுந்த கைதட்டல் அளவுக்கு இதற்கு எழவில்லை. அந்தத் தாய் கைதட்டவே இல்லை. முக்காட்டை முன்னே இழுத்துவிட்டுத் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சிறுமியின் தந்தை அறைவீட்டுக்கு வந்தார். அவருக்கு நம்முடைய வாழ்த்துரையைவிட வேறு கவலைகள் இருந்தன. எட்டாம் வகுப்புக்குமேல் படிக்க அடுத்த ஊர் உயர்நிலைப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே பேருந்தில் அனுப்புவது எப்படி? மாலையில் இருட்டிவிட்டால் யார் அழைத்து வருவது? வீட்டில் வருமானம் குறையாதா? இவை பொய்க் கவலைகள் அல்ல. கட்டாயக் கல்விச் சட்டம் 2009 பதினான்கு வயதோடும் எட்டாம் வகுப்போடும் நின்றுவிடுகிறது. சட்டம் கைவிடும் அந்த இடத்தில்தான் நம் பெண்பிள்ளைகள் பலர் படிப்பை விடுகிறார்கள். அதே பேருந்தில் செல்லக்கூடிய மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும் அழைத்துப் பேசலாம் என்றோம். “பாப்போம் சாமி” என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

பெற்றோரே, உங்களிடம் நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, திங்கட்கிழமை பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். வாரத்தின் முதல் பாடத்தை இழந்தவள் வெள்ளிவரை தடுமாறுகிறாள். விருந்துக்குச் செல்லுங்கள், ஞாயிறு இரவே வீடு திரும்புங்கள்.

இரண்டாவது, எட்டாம் வகுப்பு முடியும் முன்பே, ஜனவரியிலேயே, ஒன்பதாம் வகுப்பைப் பற்றிப் பேசுங்கள். ஒரே தெருவிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்து சென்றால் பாதி அச்சம் நீங்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியர்க்கெனத் தொடங்கி, 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளி மாணவியர்க்கும் விரிவாக்கப்பட்டது. இத்தகைய உதவிகளைப் பற்றித் தலைமையாசிரியையிடம் நேரில் கேட்டறியுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மூன்றாவது, உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலில் வந்ததா என்று மட்டும் கேளாதீர்கள். இன்று என்ன கற்றாய், யாருக்கு உதவினாய் என்று இரவு உணவின்போது கேளுங்கள். நற்செய்தியில் இயேசு கூறும் நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான்; பரிசு பெற்றவற்றை மட்டும் அழைப்பதில்லை. பிள்ளையின் பெயரை முதலில் மதிப்போடு சொல்ல வேண்டிய இடம் வீடுதான்.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவள் உதவித்தொகைத் தேர்வை எழுதினாள். தேர்ந்தெடுக்கப்பட்டோர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. வீட்டில் மறுபடி பழைய பேச்சே எழுந்ததாகக் கேள்விப்பட்டு வருந்தினோம். கோடை விடுமுறை முழுவதும் அவள் தாயோடு அமர்ந்து பீடி சுற்றினாள் என்றும் அறிந்தோம்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்று காலை, நோயாளி ஒருவருக்கு நன்மை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தைக் கடந்தோம். நான்கு பெண்கள் புதிய சீருடையில் நின்றனர். அவர்களுள் அவளும் இருந்தாள். சற்றுத் தள்ளி, வேலியோரமாக, அவள் தந்தை நின்றுகொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு, “இந்த வருசம் போகட்டும், சாமி. அடுத்த வருசத்த அப்புறம் பாப்போம்” என்றார். பேருந்து வந்தது. அவர்கள் ஏறிச் சென்றார்கள்.

ஓராண்டு கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டுக்காக இப்போதே மன்றாடுவோம். அதற்காக உழைக்கவும் செய்வோம். பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர் உங்கள் இல்லங்களையும், அவற்றில் வளரும் பெண்மக்களையும் ஆசீர்வதிப்பாராக.